கோயிலுக்குப் போகாதவர்கள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டால்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

சூரமங்கலத்திலிருந்து ஓர் அம்மா:

எங்களுடையது ரெஜிஸ்டர் கல்யாணம். நான் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். கல்லூரி முடிந்த பிறகு பூசைக்குப் போவது கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று சுருங்கி, அப்புறம் அதுவும் நின்றுபோனது. வீட்டுக்காரர் பரம்பரையாகக் கறுப்புச் சட்டை. 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது நம் சேலத்து மாநாட்டில்தான் என்பதைத் தாலாட்டுப் போலக் கேட்டு வளர்ந்தவர். மகள் பிறந்ததும் ஏற்காட்டில் இருக்கும் என் அம்மா ஒரே பிடியாக நின்றார். "நீங்க எப்படியோ இருங்க, புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துடுங்க."

வீட்டுக்காரர் எதிர்க்கவில்லை. "உங்கம்மா நிம்மதியா இருக்கட்டும். ஆனா நான் அங்க வந்து பொய் சொல்ல மாட்டேன்" என்றார். சடங்கின் நடுவே பெற்றோரும் ஞானப்பெற்றோரும் (பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்பவர்கள்) சாத்தானை விட்டுவிடுகிறோம், கடவுளை நம்புகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லும் இடம் ஒன்று உண்டு, அதைத்தான் சொன்னார். குழந்தைக்குப் பதிலாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இப்போதைய சடங்கில் பெரியவர்கள் அறிக்கையிடுவது அவரவர் சொந்த விசுவாசத்தை. ஆகவே அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. சும்மா தலையாட்டிவிட்டு வருகிற மாப்பிள்ளைகளைவிட இவர் மேல் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பங்கு (எங்கள் பகுதிக்கான கோயில்) அலுவலகத்தில் ஃபாதர் உட்காரச் சொன்னார். கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை என்றதும் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்துக் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

"சரிம்மா, புள்ளைக்குச் சிலுவை போடச் சொல்லிக் குடுக்கப்போறது யாரு?"

நான் விழித்தேன். வீட்டுக்காரர், "மாமியார் இருக்காங்க" என்றார்.

"அவங்க மலையில இருக்காங்க. புள்ள இங்கல்ல வளருது?"

அதற்கும் பதில் இல்லை. பிறகு வீட்டுக்காரர் தன் சங்கடத்தை நேராகவே சொன்னார். ஃபாதர் கோபப்படவில்லை. நம்பிக்கை அறிக்கையைச் சொல்ல முடியாத பெற்றோர் அந்த இடத்தில் மௌனமாக நிற்கலாம், சடங்கு நூலிலேயே அதற்கு இடம் இருக்கிறது, பிள்ளை விசுவாசத்தில் வளர்வதற்குச் சம்மதம் மட்டும் சொன்னால் போதும் என்றார். "தடுக்க மாட்டீங்கல்ல?" என்று ஒருமுறை கேட்டார். "மாட்டேங்க" என்றார் இவர்.

ஆனால் தேதி கொடுக்கவில்லை. முதலில் தயாரிப்பு வகுப்புக்கு வாருங்கள், பிள்ளை வளரும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஆளைக் காட்டுங்கள், பிறகு பார்ப்போம் என்றார். "வகுப்புக்கு நானும் வரணுங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "வாங்க, டீ நல்லா இருக்கும்" என்று பதில் வந்தது.

அம்மாவிடம் சொன்னபோது அழுதுவிட்டார். சாமியார் முடியாது என்று சொல்லிவிட்டதாகவே அவர் காதில் விழுந்தது. உங்களில் யாருக்காவது இப்படித் தள்ளிவைத்திருக்கிறார்களா?

ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற உபதேசியார் (ஃபாதருக்குத் துணையாக மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர்):

அம்மாவிடம் சொல்லுங்கள், மறுப்பது வேறு, தள்ளிவைப்பது வேறு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 868ஆம் எண் கேட்பது இரண்டே. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்பதற்கு அடிப்படை உள்ள நம்பிக்கை இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை அறவே இல்லை என்றால்தான் தள்ளிவைக்க வேண்டும், அதுவும் காரணத்தைப் பெற்றோரிடம் சொல்லிவிட்டு. இவர்கள் வாரா வாரம் பூசைக்கு வருகிறார்களா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. கோயிலில் தாலி கட்டினார்களா என்றும் கேட்கவில்லை. 2014 ஜனவரியில் போப் பிரான்சிஸ் சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகளில் ஒன்றின் பெற்றோர், அரசுப் பதிவுத் திருமணம் மட்டும் செய்தவர்கள்தான்.

யார் உறுதி கொடுப்பது என்பதற்கு 1980இல் ரோமிலிருந்து வந்த அறிவுரை ஒன்று இருக்கிறது. பெற்றோரால் முடியாவிட்டால் ஞானப்பெற்றோரோ, குடும்பத்தில் இன்னொருவரோ, பங்குச் சமூகமோ அந்த உறுதியைக் கொடுக்கலாம் என்கிறது.

இங்கே எஸ்டேட்டில் ஒரு குடும்பம். மகனும் மருமகளும் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. திருவிழாவுக்கு வந்தவர்கள், "சாமி, நாளைக்கே குடுத்துடுங்க, நாளன்னைக்கு பஸ் ஏறணும்" என்றார்கள். திருப்பூரில் எந்தப் பங்கு என்று கேட்டால் தெரியவில்லை. ஃபாதர் யோசித்தார். எனக்கு அந்த வீடு தெரியும். பிள்ளையைத் தாத்தாவிடம் விட்டுவிட்டுத்தான் அவர்கள் திரும்பிப் போகப்போகிறார்கள். லைன் வீட்டில் ராத்திரி செபமாலை தவறினால் தாத்தாவுக்குச் சோறு இறங்காது. அதைச் சொன்னேன். தாத்தாவை வரவழைத்துப் பேசினார்கள், கொஞ்ச நாளில் ஞானஸ்நானம் ஆயிற்று. பெற்றோர் இன்னொரு தடவை லீவு போட்டு வந்தார்கள். வரட்டுமே, பிள்ளைக்காகத்தானே.

இன்னொன்று. கோயிலுக்கு வராதவர் என்று யாரையும் சட்டென்று எழுதிவிடக் கூடாது. காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமையே இங்கே பாதிக் கோயில் காலிதான்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர்:

உங்களுக்காவது சிலுவையைப் பற்றிக் கேட்டார்கள். எங்களிடம் கோயிலுக்குக் கட்டும் சந்தாவின் புத்தகத்தைக் கேட்டார்கள். எந்தப் பங்கு என்று சொல்லப்போவதில்லை. ஃபாதரைப் பார்ப்பதற்கு முன்பே அலுவலகத்தில் இருந்தவர் பாக்கியைக் கூட்டிச் சொல்லி, கட்டிவிட்டு வாங்க என்றார். மனைவி அங்கேயே திரும்பி நடந்துவிட்டாள். கட்டணும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பல வருடம் கழித்து ஒருவன் வாசலுக்கு வரும்போது முதலில் நீட்டுவதற்கு வேறு ஒன்றுமே இல்லையா?

உபதேசியார்:

அந்த ஆளைத் தாண்டி நேராக ஃபாதரிடம் போங்கள். சந்தா பாக்கிக்காக ஞானஸ்நானத்தை நிறுத்த எந்தச் சட்டமும் இல்லை.

சேலத்திலிருந்து ஒரு நர்ஸ்:

நான் வேலை பார்ப்பது குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நள்ளிரவு. டாக்டர் நம்பிக்கை இல்லாமல் பேசிவிட்டுப் போனார். அந்தத் தகப்பன் என்னிடம் வந்து, "சிஸ்டர், நாங்க கோயிலுக்குப் போயி எவ்வளவோ வருஷம் ஆச்சு. இப்ப யாரையாவது கூப்பிட்டா வருவாங்களா?" என்றார். நேரம் இல்லை. சாகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருச்சபை செய்வதைச் செய்கிறோம் என்ற எண்ணம் இருந்தால் போதும் என்று மறைக்கல்வியில் படித்தது நினைவில் இருந்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, சிரிஞ்சில் எடுத்த சுத்தமான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தலையில் விட்டு, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் என்று சொன்னேன். பெயர் என்ன வைக்க என்று கேட்டதற்குத் தகப்பன் தன் அம்மாவின் பெயரைச் சொன்னார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது! அதற்குப் பிறகுதான் குழப்பம். மறுபடியும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொந்தக்காரர்கள் நின்றார்கள். கூடாது, ஞானஸ்நானம் ஒரே தடவைதான். பங்கில் தெரிவித்து, கேட்ட விவரங்களை எழுதிக் கொடுத்தேன். பின்னால் கோயிலில் கிறிஸ்மா தைலம் பூசுவது, வெள்ளை உடுப்பு, மெழுகுவர்த்தி என்று விட்டுப்போன பகுதிகளை மட்டும் செய்து, பதிவேட்டில் ஏற்றினார்கள்.

ஓமலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன்:

யாரும் பேசாத விஷயம் ஒன்று. நான் இந்து, பட்டியல் சாதி. மனைவி கத்தோலிக்கம், அவளும் கோயில் பக்கம் போவதில்லை. மாமியார் ஞானஸ்நானம் கேட்கிறார். சடங்கில் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. ஆனால் 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர மற்ற மதத்தவருக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து கிடையாது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றுதான். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அப்பா இந்து, அம்மா கிறிஸ்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமும் அங்கே பேசப்பட்டது. பெரியவளான பிறகும் அவர் கோயிலுக்குப் போய்வந்ததை நீதிமன்றம் சேர்த்துப் பார்த்தது உண்மை. ஆனாலும் அந்தப் பதிவேட்டு வரி ஒரு சாட்சியாக வந்து நின்றதே. ஏற்காட்டு மலையாளிப் பழங்குடி நண்பர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பழங்குடிப் பட்டியல் மதத்தைப் பார்ப்பதில்லை.

ஃபாதரிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், ஆனால் அவசரப்படுத்தவில்லை. பெற்றோர் மனம் ஒத்து வராதபோது காத்திருப்பது தவறில்லை என்றார். 7 வயது நிறைந்து விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் சொந்த விருப்பத்தையும் கேட்டுத்தான் கொடுப்பார்கள். நாங்கள் காத்திருக்கிறோம். மாமியார் என்னிடம் பேசுவதைக் குறைத்துவிட்டார், அது வேறு.

சூரமங்கலத்து அம்மா மறுபடியும்:

எல்லோருக்கும் நன்றி. எங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் சித்தி. அன்பியக் கூட்டத்தை (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிப்பது) விடாதவர், என் மகளைப் பாதி நாள் வைத்திருப்பதும் அவர்தான். இவரை எப்படி மறந்தேன் என்று அம்மாவே கேட்டார். தம்பியைத்தான் ஞானத்தகப்பனாக நிறுத்த நினைத்தோம். அவன் உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) வாங்கவில்லை, அதனால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதலும் புதுநன்மையும் (முதல் நற்கருணை) வாங்கியிருக்க வேண்டும், பெற்றோரே ஞானப்பெற்றோராக நிற்க முடியாது. போகிறவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கட்டாயம் என்பதும் இல்லை, ஒருவர் போதும்.

வீட்டுக்காரர் வகுப்புக்கு வந்தார். ஆதிப் பாவம் பற்றி வகுப்பெடுத்த சிஸ்டரோடு பெரிய வாக்குவாதம். சிஸ்டர் சளைக்கவில்லை. ஞானஸ்நானத்தன்று அந்த இடத்தில் பேசாமல் நின்றார், நானும் சித்தியும் சொன்னோம். நான் சொன்னதில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று கேட்டால் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை.

அஸ்தம்பட்டிக்காரரே, மனைவியைச் சமாதானப்படுத்தி இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். மாலைப் பூசை முடிந்ததும் போனால் அலுவலகம் பூட்டியிருக்கும், ஃபாதர் வெளியே நின்றுகொண்டிருப்பார்.