சேலத்துல இருந்து லட்சத்தீவு அகத்தி தீவுக்கு போறோம், அந்த குட்டி ஏர்போர்ட் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

சங்ககிரி_வண்டி:
வணக்கங்க. வர்ற ஜனவரில அப்பா அம்மாவ கூட்டிட்டு லட்சத்தீவு போலாம்னு இருக்கேன். அப்பாவுக்கு 68 வயசு, முப்பது வருஷம் லாரி ஓட்டுனவரு, அசாம் வரைக்கும் லோடு ஏத்திட்டு போனவரு, ஆனா பிளேன்ல ஒரு தடவகூட ஏறுனதில்ல. சுத்தியும் கடல் இருக்கற ஒரு ஊர்ல ரெண்டு நாள் உக்காந்திருக்கணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருக்காரு, இப்பதான் எனக்கு கைகூடி வந்துருக்கு. பிரச்சன என்னன்னா அகத்தி ரன்வே வீடியோ ஒண்ணு பாத்துட்டு அம்மா பயந்துட்டாங்க, ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல ஒரு கோடு மாதிரி ரோடு. அப்புறம் லக்கேஜ் நம்மளோட வராம பின்னாடி வரும்னு யாரோ சொல்றாங்க, அது ஏன்? கப்பல்ல போறது நல்லதா? சேலத்துல இருந்து எப்படி போனீங்கன்னும் சொல்லுங்க.

கமலாபுரம்_பக்கத்து_வீடு:
வேல விஷயமா நான் நாலு தடவ போய்ட்டு வந்துருக்கேன், அம்மாகிட்ட தைரியமா சொல்லுங்க. அந்த ரன்வே 1204 மீட்டர்தான். நம்ம சேலம் ஏர்போர்ட் ரன்வேயே 1806 மீட்டர், அதுலயும் ஏடிஆர்னு சொல்ற அதே காத்தாடி வெச்ச பிளேன்தான் வருது, அதே வண்டி அங்க 600 மீட்டர் கம்மியான இடத்துல எறங்கி ஏறணும். ஏடிஆர் 72 முழு லோடுல 23 டன் இருக்கும், அந்த எடையோட கெளம்பணும்னா கிட்டத்தட்ட 1300 மீட்டர் வேணும், வெயில் ஏற ஏற காத்து லேசாகி இன்னும் கூட வேணும். அதனால ஒவ்வொரு தடவையும் அன்னிக்கு காத்து எப்படி, சூடு எவ்வளவுன்னு பாத்து கணக்கு போட்டு எடைய குறைக்கறாங்க. சில சீட்ட காலியா விடுவாங்க, சில நாள் பைய நிறுத்தி வெப்பாங்க.

எரிபொருள்ல கைவெக்க முடியாது. ஏன்னா லட்சத்தீவுல பிளேன் எறங்கற ஏர்போர்ட் அது ஒண்ணுதான், மழையோ காத்தோ வந்து எறங்க முடியலன்னா திரும்ப கரைக்குத்தான் வரணும், கொச்சில இருந்து அது 450 கிலோமீட்டருக்கு மேல. அதுக்கும் சேத்து டேங்குல இருக்கணும். அப்ப குறைக்க மிச்சம் இருக்கறது ஆளும் பையும்தான. உங்கப்பாகிட்ட இத லோடு கணக்குன்னு சொல்லுங்க, நமக்கெல்லாம் விளக்கணும், அவருக்கு பாதிலயே புரிஞ்சிரும்.

எறங்கும்போது மட்டும் சத்தமும் குலுக்கலும் ஜாஸ்தியா இருக்கும், சக்கரம் தொட்ட உடனே பிரேக்க அழுத்தி காத்தாடிய எதிர்ப்பக்கமா தள்ள வெப்பாங்க. அத முன்னாடியே அம்மாவுக்கு சொல்லி வைங்க. ரன்வேய நீட்டணும்னு பல வருஷமா பேச்சு இருக்கு, ஆனா அந்த முனைல தீவே முடிஞ்சிருது, அதுக்கப்பால கல்பட்டின்னு ஒரு சின்ன திட்டு, நடுவுல பவளப்பாறை, ஆமை வர்ற எடம். அத நாசம் பண்ணாம செய்யணும்ங்கறதுதான் என் ஆசையும்.

நாகலூர்_தோட்டம்:
நாங்க போன வருஷம் மாமியாரோட போனோம். ஏற்காட்டுல இருந்து எறங்கி ஜங்ஷன்ல நைட்டு ஆலப்புழா எக்ஸ்பிரஸ் புடிச்சு காலைல ஆலுவால எறங்குனா நெடும்பாசேரி, அதான் கொச்சி ஏர்போர்ட், பக்கம்தான். ஆனா அன்னிக்கே பிளேன் வெச்சுக்காதீங்க, மொத நாளே போய் தங்கிருங்க, டிரெயின் லேட்டானா எல்லாம் போச்சு. 2024 மார்ச் கடைசில பெங்களூர்ல இருந்தும் அகத்திக்கு பிளேன் ஆரம்பிச்சாங்க, இப்ப என்னிக்கெல்லாம் இருக்குன்னு பாத்துக்கோங்க.

எங்க பை ஒண்ணு வரல. மாமியாரோட சுகர் மாத்திரை அதுலதான் இருந்துச்சு, அத வெளில சொல்லக்கூட தெரியாம நான் அழுதுட்டேன். தீவு ஆஸ்பத்திரில பாத்து அன்னிக்கே மாத்திரை குடுத்தாங்க, பை மறுநாள் வந்துருச்சு. எடை கணக்குன்னு அப்ப எனக்கு தெரியாது, இப்ப மேல இருக்கறத படிச்சதும்தான் புரியுது, தெரிஞ்சிருந்தா மாத்திரைய கைப்பையில வெச்சிருப்பேன். அதனால மாத்திரை, ஒரு செட் துணி, பர்மிட் பேப்பர் எல்லாம் கையிலயே. பர்மிட் இல்லாம அங்க விடமாட்டாங்க, எங்ககிட்ட போலீஸ் சான்றிதழும் கேட்டாங்க, அதுக்கு நாள் ஆகும், இப்பவே ஆரம்பிங்க.

ஆனா அந்த எறங்கற நிமிஷம் இருக்கே, ஜன்னல்ல பச்சையும் நீலமுமா தண்ணி மட்டும்தான் தெரியும், தரையே வரலியேன்னு நெனைக்கும்போதே தொட்டுரும். மாமியார் என் கைய விடவே இல்ல, ஆனா கண்ண மூடல.

மேட்டூர்_கரை:
கப்பல் கொச்சில இருந்து 14ல இருந்து 18 மணி நேரம். பல நேரம் கப்பல் தள்ளி நின்னு சின்ன போட்டுக்கு எறங்கி மாறணும், அலைல அது ஆடிட்டே இருக்கும், 68 வயசுக்கு முட்டி வலி இருந்தா வேண்டாங்க. ஜனவரி நல்ல நேரம். மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் மட்டும் போகாதீங்க. திரும்பி வர்ற பிளேனுக்கும் வேலைக்கு சேர்ற நாளுக்கும் நடுவுல ஒரு நாளாச்சும் விட்டு வைங்க.

சங்ககிரி_வண்டி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அப்பாகிட்ட படிச்சு காமிச்சேன், டயர் எத்தன, முன்னாடி எவ்வளவு எடை விழும்னு கேட்டு ஒரு மணி நேரம் பேசிட்டாரு. அம்மா இன்னும் யோசிக்கறாங்க, ஆனா பெட்டி வேண்டாம் சின்ன பை போதும்னு அவங்களே சொல்லிட்டாங்க. நாகலூர் அக்கா, இன்சுலின் கொண்டு போலாமா?

நாகலூர்_தோட்டம்:
தாராளமா தம்பி. டாக்டர் சீட்டு ரெண்டு காப்பி எடுத்து ஆளுக்கொண்ணு வெச்சுக்கோங்க, இன்சுலின அம்மா மடியிலயே வெச்சுக்க சொல்லுங்க.