ஹைட்ரோபோனிக்ஸ் முட்டைக்கோஸ்: தண்ணீரின் ஆழமும் காற்றூட்டமும் பற்றி ஓர் ஐயம்

கோவை மாடித்தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மாடியில், நிழல்வலைக்கு அடியில், சென்ற ஐப்பசியில் தொடங்கி முட்டைக்கோஸை மண்ணில்லாமல் சத்துக்கரைசலில் வளர்த்துப் பார்த்தேன். கீரையும் லெட்யூஸும் இம்முறையில் எளிதாக வந்துவிட்டதால், கோஸுக்கு எவ்வளவு ஆழத் தண்ணீரும் எவ்வளவு காற்றும் தேவை என்பதை நானே சோதித்து அறியலாம் என்று எண்ணினேன்.

45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள ஒன்பது தொட்டிகளை எடுத்துக்கொண்டேன். மூன்றில் 10 செ.மீ., மூன்றில் 20 செ.மீ., மூன்றில் 30 செ.மீ. ஆழத்திற்குக் கரைசல் நிரப்பினேன். ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு தொட்டிக்குக் காற்று கிடையாது. ஒன்றுக்கு 15 நிமிடம் ஓடி 45 நிமிடம் நிற்கும்படி டைமர் வைத்த பம்ப். இன்னொன்றுக்குப் பகல் முழுவதும் ஓடும் பம்ப். ஆக இரண்டு ஏர் பம்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று கிளையாகக் குழாய் பிரித்து, முனையில் ஏர் ஸ்டோன் (காற்றைச் சிறு குமிழிகளாக்கும் துளைக்கல்) போட்டேன். பம்பின் இரைச்சல் கீழ்வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதால், இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை இரண்டையும் நிறுத்திவிடுவேன். தொட்டிக்கு இரண்டு கன்றுகள். ரகம் கோல்டன் ஏக்கர். தொடக்கத்தில் கரைசலின் இ.சி. (உப்புச் செறிவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 2.2, பி.எச். 6 முதல் 6.5 வரை.

விளைவு எனக்குப் புரியவில்லை. 10 செ.மீ. ஆழத்தில் பகல் முழுவதும் காற்று பெற்ற தொட்டியில்தான் கோஸ் பெரிதாக வந்தது. ஆனால் வெட்டிப் பார்த்தபோது உள்ளிலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. 30 செ.மீ. தொட்டிகளில் பம்ப் வைத்ததற்கும் வைக்காததற்கும் வேறுபாடே தெரியவில்லை. மூன்றிலும் வேர்கள் பழுப்பேறி, கையில் எடுத்தால் வழுக்கின. 20 செ.மீ. ஆழத்தில் காற்றில்லாத தொட்டி ஆறாவது வாரம் வரை நன்றாகவே இருந்தது. தண்ணீர் ஏழு செ.மீ. இறங்கிவிட்டதைக் கண்டு ஒரே நாளில் விளிம்பு வரை நிரப்பினேன். மறுநாள் நண்பகலில் இரண்டு செடிகளும் துவண்டு விழுந்தன.

ஆழமான தண்ணீர் கோஸுக்கு ஆகாதா? அடுத்த பருவத்திற்கு எந்த ஆழத்தைத் தேர்ந்தெடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நீர்வேர்:

ஐயா, வணக்கம். அளவுகளை இவ்வளவு ஒழுங்காகக் குறித்து வைத்திருப்பதால்தான் பிழை எங்கே என்று எங்களால் தேட முடிகிறது. ஆழமான தண்ணீர் ஆகாது என்ற முடிவுக்கு இப்போதே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் 30 செ.மீ. தொட்டிகளுக்குக் காற்று போய்ச் சேர்ந்ததா என்பதே எனக்கு ஐயமாக உள்ளது.

ஒரே பம்பிலிருந்து மூன்று கிளைகள் பிரித்து, அவற்றின் முனைகளை மூன்று வெவ்வேறு ஆழங்களில் போட்டிருக்கிறீர்கள். 10 செ.மீ. ஆழத்தில் உள்ள கல் வழியாகக் குமிழி வெளிவர, அந்த 10 செ.மீ. தண்ணீரின் அழுத்தத்தை வென்றால் போதும், 30 செ.மீ. ஆழத்தில் அதைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தை வெல்ல வேண்டும். காற்று எதிர்ப்புக் குறைந்த வழியைத்தான் தேடிப் போகும். கிளைகளில் தனித்தனித் திருகு வால்வு வைத்துச் சரிசெய்யாவிட்டால், ஆழம் குறைந்த தொட்டி பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, ஆழமான தொட்டியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வரும். நீங்கள் ஆழத்தை மட்டும் மாற்றியதாக நினைத்தீர்கள்; அதோடு சேர்ந்து காற்றின் அளவும் மாறியிருக்கிறது.

இதைச் சரிபார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு லிட்டர் புட்டியில் தண்ணீர் நிரப்பி, வாயைக் கையால் மூடித் தொட்டிக்குள் தலைகீழாகப் பிடித்து, ஏர் ஸ்டோனிலிருந்து வரும் குமிழிகள் அனைத்தையும் புட்டிக்குள் விட்டு, தண்ணீர் முழுவதும் வெளியேற எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று கிளைகளும் ஒரே நேரத்தில் ஓடும்போதே இதைச் செய்ய வேண்டும்.

காற்று சமமாகக் கிடைத்தால் ஆழம் ஒரு நன்மையாகவே இருக்கும். குமிழி அடியிலிருந்து மேலே வர அதிக நேரம் எடுப்பதால், அதிலுள்ள ஆக்சிஜன் தண்ணீரில் கரைய வாய்ப்பும் அதிகம். பம்ப் இல்லாத ஆழத் தொட்டி வேறு கதை. தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மேற்பரப்பில் கரைந்தது அடியிலுள்ள வேருக்கு வந்து சேரக் காத்திருந்தால் வேர் மூச்சுத் திணறிவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே அளவுள்ள தொட்டியில் ஆழத்தை மாற்றினால் கரைசலின் கொள்ளளவும் மாறுகிறது: 13.5 லிட்டர், 27 லிட்டர், 40.5 லிட்டர். வெயில் நாளில் இரண்டு கோஸ் செடிகள் இழுக்கும் தண்ணீரால் 13.5 லிட்டர் தொட்டியில் இ.சி. விரைவாக ஏறும், 40.5 லிட்டரில் அந்த ஏற்றம் சிறிதாகவே இருக்கும். ஆழத்தின் விளைவை மட்டும் தனியாக அறிய வேண்டுமானால், 60×45 செ.மீ. தொட்டியில் 10 செ.மீ., 45×30 தொட்டியில் 20 செ.மீ., 30×30 தொட்டியில் 30 செ.மீ. என்று வையுங்கள், மூன்றிலும் சரியாக 27 லிட்டர் வரும்.

குன்னூர் மலைக்காய்:

ஐயாவுக்கு வணக்கம். நான் மலையில் மண்ணிலும் கரைசலிலும் கோஸ் வளர்ப்பவள். நீர்வேர் ஐயா சொன்ன குழாய்க் கணக்கோடு, வெப்பத்தையும் இரவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடல் மட்டத்தில் 20 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர், லிட்டருக்கு 9.1 மி.கி. வரை ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் 7.5 மி.கி. அளவுதான். இதைப் படித்துவிட்டு, மலையில் தண்ணீர் குளிர்ச்சி என்பதால் எங்களுக்கு ஆக்சிஜன் மிகுதி என்று பலர் எண்ணுகிறார்கள். அது அவ்வளவு நேரான கணக்கு அன்று. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே இருப்பதால், இங்கே 15 டிகிரித் தண்ணீரில் கரையக்கூடியது 8 மி.கி. அளவு, கோவையில் 28 டிகிரியில் 7.4 மி.கி. அளவு. வரவில் பெரிய வேறுபாடு இல்லை, செலவில்தான் வேறுபாடு. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் வேரின் சுவாசம் கிட்டத்தட்ட இருமடங்காகிறது. உங்கள் மாடியில் அதே ஆக்சிஜன் இருமடங்கு விரைவில் தீர்ந்துபோகும். வேரழுகலை உண்டாக்கும், பூஞ்சை போன்ற பித்தியம் என்ற நுண்ணுயிருக்கும் அந்த வெதுவெதுப்பும் ஆக்சிஜன் குறைவும் ஏற்றவை. வேர் வழுக்கியதாக நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

உள்ளிலை கருகியது கால்சியம் குறைவால் வரும் நுனிக்கருகல். கரைசலில் கால்சியம் போதிய அளவு இருந்தாலும் இது வரலாம். வெளியிலைகள் பகலில் நீராவியை வெளியிடுவதால், தண்ணீரோடு கால்சியமும் அவற்றுக்குத்தான் போகிறது. மூடிக்கிடக்கும் உள்ளிலைகளில் நீராவிப்போக்கு இல்லை என்பதால், இரவில் வேரழுத்தம் மேலே தள்ளும் சாறுதான் அவற்றுக்குக் கால்சியத்தைக் கொண்டுசேர்க்கிறது. கோஸின் உள்ளிலைகளுக்குக் கால்சியம் செல்ல இந்த வேரழுத்தம் தேவை என்பதை 1977இல் பால்ஸ்கில், டிபிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். விடியற்காலையில் இலையோரங்களில் முத்து முத்தாக நீர்த்துளி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேரழுத்தம் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். வேர் அந்த அழுத்தத்தை உண்டாக்க மூச்சுவிட வேண்டும். கரைசலும் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருக்கக் கூடாது. நீங்களோ இரவு ஏழு மணி நேரம் காற்றை நிறுத்துகிறீர்கள். ஆழம் குறைந்த தொட்டியில் பகல் வெயிலில் இ.சி. ஏறி அப்படியே இரவிலும் நிற்கிறது. செடி பெரிதாக வளர வளர உள்ளிலைகளின் கால்சியத் தேவையும் கூடும் என்பதால், பெரிய கோஸில் கருகல் தெரிந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை.

ஆகவே மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் பகலில் இடைவெளி விடுங்கள், இரவில் நிறுத்தாதீர்கள். பம்பைச் சுவரில் தொங்கவிட்டோ, அடியில் ரப்பர் மெத்தை வைத்தோ இரைச்சலைக் குறைக்கலாம். ஆனால் அது தொட்டியின் நீர்மட்டத்திற்கு மேலேயே இருக்கட்டும். கீழே இருந்தால், மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் குழாய் வழியாகப் பம்புக்குள் இறங்கிவிடும். அது உறிஞ்சும் காற்றும் வெயில்படாத இடத்திலிருந்து வரட்டும்.

நீங்கள் ஊற்றுவது சிறுவாணித் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா? கடினநீராக இருந்தால், காற்றூட்டும்போது கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிப் பி.எச். மெல்ல ஏறும்.

விதைத்தட்டு:

துவண்ட செடிகளைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி, பம்பே இல்லாமல் வளர்க்கும் முறையைப் பரப்பியவர். அதில் தண்ணீர் இறங்க இறங்க, மேலே உண்டாகும் ஈரக் காற்றிடத்தில் வேரின் மேற்பகுதி மூச்சுவிடப் பழகிக்கொள்கிறது; அடிப்பகுதி தண்ணீரும் சத்தும் எடுக்கிறது. உங்கள் 20 செ.மீ. தொட்டியில் ஆறு வாரமாக நடந்தது இதுதான். விளிம்பு வரை நிரப்பியபோது காற்றுக்குப் பழகிய வேர்கள் மூழ்கின. மூச்சு முட்டிய வேரால் நண்பகல் வெயிலுக்குத் தேவையான தண்ணீரை ஏற்ற முடியவில்லை. தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி துவள்வதைப் பார்ப்பது மனத்துக்கு வேதனையானது. எனக்கும் அது நேர்ந்திருக்கிறது. பம்ப் இல்லாத தொட்டியில் இறங்கிய மட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அடியில் தண்ணீர் வற்றிவிடாத அளவுக்கு ஓரிரு செ.மீ. மட்டும் சேர்ப்பதே நல்லது. சேர்ப்பதும் நீர்த்த கரைசலாக இருக்கட்டும்.

சோதனை பற்றியும் ஒரு சொல். ஒரு தொட்டியில் இரண்டு செடி இருப்பது இரண்டு சோதனை ஆகாது. இரண்டும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கின்றன. ஒன்பது தொட்டிகளில் ஒன்பது விதமாகச் செய்தால், எந்த வேறுபாடு சூழ்நிலையால் வந்தது, எது தற்செயல் என்று பிரித்தறிய வழியில்லை. இந்தப் பருவத்தில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நான்கு தொட்டிக்கு நான்கு தொட்டி என்று ஒப்பிடுங்கள். அவற்றை மாடியில் ஒருபக்கமாக அடுக்காமல் கலந்து வையுங்கள். மேற்குச் சுவரின் சூடு ஒரு பிரிவுக்கு மட்டும் பட்டுவிடக் கூடாது.

கோவை மாடித்தோட்டம்:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று மாலை பழைய அமைப்பை அப்படியே மீண்டும் பொருத்திப் புட்டியால் அளந்து பார்த்தேன். 10 செ.மீ. தொட்டியில் ஒரு லிட்டர் புட்டி 40 வினாடியில் காலியானது. 20 செ.மீ. தொட்டியில் இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆனது. 30 செ.மீ. தொட்டியில் ஆறு நிமிடம் கடந்தும் பாதிகூட ஆகவில்லை. ஒரு பருவம் முழுவதும் அந்தத் தொட்டிக்குக் காற்று கொடுப்பதாக நம்பியிருந்தேன் என்பதை நினைக்க வருத்தமாக இருக்கிறது. குன்னூர் அம்மா கேட்டதற்கு விடை: ஊற்றியது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான், வாரத்திற்கு இருமுறை பி.எச். குறைக்க வேண்டியிருந்தது.

இம்முறை எட்டுத் தொட்டிகளிலும் 20 செ.மீ. ஆழமே வைக்கிறேன். நான்கிற்குப் பகலிலும் இரவிலும் காற்று. நான்கிற்குப் பகலில் மட்டும். ஒவ்வொரு கிளையிலும் வால்வு வைத்து, புட்டியால் அளந்து சமப்படுத்துவேன். தெர்மாகோல் மூடியை இரண்டு செ.மீ. உயர்த்திக் காற்றிடம் விடுகிறேன். 27 லிட்டர் சமக் கொள்ளளவுச் சோதனையை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாமா?

நீர்வேர்:

தாராளமாக, ஐயா. அந்தச் சோதனையிலும் ஒரு சிக்கல் இருப்பதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். 60×45 தொட்டியின் மேற்பரப்பு 2,700 சதுர செ.மீ.; 30×30 தொட்டிக்கு 900 மட்டுமே. திறந்த பரப்பு மூன்று மடங்கு என்றால் மேலிருந்து கரையும் காற்றும் வாங்கும் வெயிலும் கூடும். மூன்றிலும் 900 சதுர செ.மீ. அளவு மட்டும் காற்றுக்குத் திறந்திருக்கும்படி, எஞ்சிய பரப்பில் தெர்மாகோலைத் தண்ணீரோடு ஒட்டி மிதக்கவிட வேண்டும்.

இந்தப் பருவத்தில், காற்று நிற்கும் தொட்டிகளில் விடியற்காலை நான்கு மணியளவில் கரைந்த ஆக்சிஜனை ஒரு முறையாவது அளந்துவிடுங்கள். அருகில் யாரிடமேனும் டி.ஓ. மீட்டர் இரவல் கிடைத்தால் போதும். அறுவடையன்று கோஸை எடை போடுவதோடு நிறுத்தாமல் நெடுக்காக வெட்டி, எத்தனையாவது இலையிலிருந்து கருகல் தொடங்குகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள்.