புதுப்பிப்பு: வேலூரிலிருந்து தரைவழியே நேபாளம், பதினாறு வயதுப் பிள்ளைக்கான ஆவணம்

சிறு குழுவாகத் தரைவழியே நேபாளம் செல்லும்போது, பாஸ்போர்ட் இல்லாத பதினாறு வயதுப் பிள்ளைக்கு எந்த ஆவணம் செல்லும் என்றும், அங்குள்ள சித்வன் தேசியப் பூங்காப் பகுதியில் உள்ளூராருக்குப் பயன்படும்படி எங்கே தங்கலாம் என்றும் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

காட்பாடியிலிருந்து ரயிலில் கோரக்பூர் சென்று, அங்கிருந்து பேருந்தில் சுனௌலி எல்லையை அடைந்தோம். ஆதார் போதும் என்ற யோசனை எங்களுக்குப் பொருந்தவில்லை. அந்தச் சலுகை 15 வயதுக்குக் குறைந்தோருக்கும் 65 வயதைக் கடந்தோருக்கும் மட்டுமே உண்டு. பெரியவர்களுக்கு வாக்காளர் அட்டை போதுமானதாக இருந்தது. 15 முதல் 18 வயது வரை உள்ளோர் பள்ளி முதல்வரிடம் உரிய படிவத்தில் அடையாளச் சான்று பெற வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் கைகொடுத்தது. பள்ளி முத்திரையின் ஒரு பாதி புகைப்படத்தின் மீது விழும்படி வாங்கிக்கொள்ளுங்கள்; அலுவலர் முதலில் விரல் வைத்துப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

சித்வனில் அப்பகுதிப் பூர்வகுடிகளான தாரு மக்கள் நடத்தும் வீட்டுத் தங்கலே சிறந்தது என்ற பரிந்துரையும் சரியாக அமைந்தது. யானைச் சவாரியைத் தவிர்த்து, உள்ளூர் வழிகாட்டியுடன் நடந்தும், மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் ராப்தி ஆற்றில் சென்றும், கரையோரப் புல்லில் மேய்ந்த காண்டாமிருகத்தைக் கண்டோம்.

எதிர்பாராதது ஒன்று: நேபாள நேரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னே இருப்பதால், இணைப்பில்லாத கைபேசியை நம்பிப் பேருந்துக்குக் கிளம்பாதீர்கள். நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான விகிதம். அதில் பேரத்துக்கு இடமில்லை.