பதினெட்டு வருடப் படங்களை எங்கே ஏற்றுவது? கூகுளா, ஃப்ளிக்கரா, வீட்டு அலமாரியா?

கெடிலக்கரை:
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். 2007இல் முதல் டிஜிட்டல் கேமரா வாங்கியதிலிருந்து எடுத்த படங்கள் 31,000 இருக்கும், மொத்தம் 210 ஜிபி. தேவனாம்பட்டினத்து மாசிமகத் தீர்த்தவாரியைப் பெரும்பாலான வருடங்களில் எடுத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பிறகு பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததற்குத் தனி ஃபோல்டர். இப்போது ஹார்ட் டிஸ்க் இரண்டு நாளாக டக் டக் என்கிறது. ஒரிஜினல் அளவு குறையக் கூடாது, ஊர்க்காரர்களுக்கு ஆல்பமாகக் காட்ட வேண்டும், ஐந்து வருடம் கழித்து "கடையை மூடுகிறோம்" என்று மெயில் வரக் கூடாது. எந்தத் தளம் சரி?

மொட்டைமாடி:
தளம் அப்புறம். முதலில் அந்த டிஸ்க்கில் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் 210 ஜிபி போய்ச்சேர ராப்பகலாக நாலு நாள் ஆகும். டக் டக் என்கிற டிஸ்க் அதுவரை தாங்காது.

முதுநகர் தம்பி:
அண்ணே, இதில் குழம்ப என்ன இருக்கிறது? கூகுள் போட்டோஸ். "படகு" என்று தேடினால் படகெல்லாம் வந்து நிற்கும். நான் 100 ஜிபிக்கு ஆண்டுக்கு 1,300 ரூபாய் கட்டுகிறேன். உங்களுக்கு 2 டிபி திட்டம் வேண்டும், அது 6,500. மங்கலான படங்களைக் கழித்து இருபது முப்பது ஜிபி குறைத்தால் 200 ஜிபி திட்டத்திலேயே அடங்கிவிடும், 2,100தான். ஜிமெயிலும் அதே இடத்தைத்தான் தின்னும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். செட்டிங்கில் "ஒரிஜினல் தரம்" தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் படத்தை இறுக்கிவிடும், 16 மெகாபிக்சலுக்கு மேலிருந்தால் அளவையும் குறைத்துவிடும்.

நெல்லித்தோப்பு நிலா:
தம்பி, 2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் வந்தபோது என்ன வாக்கு கொடுத்தார்கள்? எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி கணக்குக்குள். அதற்கு முன் கூகுளின் பிகாசா படத்தளம் இருந்தது, 2016இல் மூடினார்கள். வரைபடத்தில் படம் குத்தி வைக்கும் பனோரமியோவும் அதே ஆண்டு நவம்பரில் போயிற்று. கெடிலக்கரை அண்ணன் கேட்ட மூன்றாவது விஷயத்தில் கூகுளுக்கு மதிப்பெண் குறைவு.

என் ஓட்டு ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்துக்கு. 2004இல் தொடங்கியது. யாஹூ கைக்குப் போய், 2018இல் ஸ்மக்மக் என்ற படத்தள நிறுவனத்தின் கைக்கு வந்தும் நிற்கிறது. காசு கட்டினால் ஒரிஜினல் அப்படியே இருக்கும், எந்த லென்ஸ், எத்தனை ஷட்டர் வேகம் என்று படத்தோடு காட்டும். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக உரிமம் வைக்கலாம். கூகுளில் இருப்பது அலமாரி. ஃப்ளிக்கரில்தான் நாலு பேர் வந்து பார்ப்பார்கள்.

முதுநகர் தம்பி:
அக்கா, பாதிக் கதையை விட்டுவிட்டீர்களே. அதே ஃப்ளிக்கர் 2013இல் ஒரு டிபி இலவசம் என்றது. 2018 நவம்பரில் இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று அறிவித்து, மறு ஆண்டு மிச்சத்தை நீக்குவோம் என்றது. அண்ணனிடம் 31 ஆயிரம் இருக்கிறது. டாலரில் கட்ட வேண்டும். ஒரு வருடம் கட்டத் தவறினால் 1,000 போக மீதி 30 ஆயிரத்தின் கதி என்ன?

நெல்லித்தோப்பு நிலா:
உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பிறரும் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு இருந்த படங்களில் அப்போது கைவைக்கவில்லை. 500பிஎக்ஸ் என்ற இன்னொரு படத்தளம் அதே 2018இல் அந்த உரிமத்தையே தூக்கி எறிந்தது. வித்தியாசம் இருக்கிறது, தம்பி.

மொட்டைமாடி:
போட்டோபக்கெட், இம்கர் மாதிரிப் படத்தளங்கள் எல்லாம்?

முதுநகர் தம்பி:
வேண்டாம். போட்டோபக்கெட் 2017 ஜூன் கடைசியில், வேறு தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் கொடு என்றது. உலகம் முழுக்கப் பழைய பதிவுகளில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகை தொங்கியது. இம்கர் 2023இல் கணக்கில் சேராத பழைய படங்களைக் கழித்தது. இன்ஸ்டாவைச் சொல்லவே வேண்டாம், 6,000 பிக்சல் அகலப் படத்தை 1,080க்குச் சுருக்கிவிடும்.

பழைய ஃபிலிம்ரோல்:
வில்லியனூரிலிருந்து ஒரு கிழவன். ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் சொன்னது எந்தக் கடை எப்போது மூடியது என்ற பட்டியல்தான். என் அம்மாவின் கல்யாணப் படம் 1952இல் எடுத்தது. இன்றும் மூக்குத்தி தெரிகிறது. பாஸ்வேர்டு கிடையாது, ஆண்டுச் சந்தா கிடையாது. நல்ல படம் ஐந்நூறைப் பொறுக்கி பிரிண்ட் போடுங்கள், மீதியை இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். முடிந்தது.

கெடிலக்கரை:
ஐயா, உங்கள் வழியில்தான் முன்பு இருந்தேன். 2015 வெள்ளத்தில் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் வரை வந்தது. டிஸ்க் கீழ் அலமாரியில் இருந்தது, ஆல்பம் பக்கத்திலேயே. ஆல்பம் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இந்த ஊரில் தண்ணீர் வராத வருடங்களில் உப்புக் காற்று வேலையைப் பார்க்கிறது. யூஎஸ்பி முனை துருப்பிடித்து நான் பார்த்திருக்கிறேன்.

பழைய ஃபிலிம்ரோல்:
மேல் அலமாரியில் வைத்திருக்க வேண்டும்.

நெல்லித்தோப்பு நிலா:
ஐயா, ஒரு மூக்குத்தி தப்பியது என்பதால் எல்லாம் தப்பியதாக நினைக்காதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித்தேடி டிஜிட்டலாக்கினார்கள். ஏன் தேட வேண்டி வந்தது? ஈரமும் பூச்சியும் தின்றது போக, வீட்டுக்காரர்களே தூக்கிப் போட்டதும் நிறைய. எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோவில் கண்ணாடி நெகட்டிவ்களை வெந்நீரில் கழுவி, கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். யாரோ ஒருவரின் கல்யாணம் இப்போது எந்த ஜன்னலில் இருக்கிறதோ.

முதுநகர் தம்பி:
அக்கா, அந்த பிரிட்டிஷ் நூலகமே 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலில் சிக்கி, மாதக்கணக்கில் அதன் சேவைகள் முடங்கிக் கிடந்தன. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை.

நெல்லித்தோப்பு நிலா:
அதனால்தான் ஒரே இடத்தை நம்பாதே என்கிறேன். காட்டுவதற்கு ஒரு தளம், காப்பதற்கு வேறு இடம். அண்ணன் இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டதுதான் சிக்கல். அவர் எடுத்ததில் குடும்பப் படம் எத்தனை, ஊர்ப் படம் எத்தனை? மாசிமகமும் தானேவும் விக்கிப்பீடியாவின் பொதுப் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸுக்குப் போகலாம். சந்தா இல்லை, அளவைக் குறைப்பதில்லை, தமிழ் விக்கிப்பீடியாவில் கடலூர் கட்டுரையிலேயே போடலாம்.

கெடிலக்கரை:
என் கவலையும் அதில்தான் இருக்கிறது, அம்மா. எனக்கு 58 வயது. 6,500 ரூபாய் நான் இருக்கும்வரை கட்டுவேன். அப்புறம் யார் கட்டுவது? பையனுக்கு இதில் ஆர்வமில்லை.

முதுநகர் தம்பி:
அண்ணே, கூகுளில் செயலற்ற கணக்கு நிர்வாகி என்று ஒரு வசதி உண்டு. இத்தனை மாதம் நான் உள்ளே வரவில்லை என்றால் இன்னாருக்கு என் படங்களைக் கொடு என்று எழுதி வைக்கலாம். எழுதி வையுங்கள், ஏனென்றால் இரண்டு ஆண்டு தொடாத கணக்கை நீக்கலாம் என்பது அவர்கள் விதி. ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். டேக்அவுட் என்ற கூகுள் வசதி வழியாக மொத்தமாக இறக்கினால், நீங்கள் எழுதிய குறிப்புகள் படத்துக்குள் இல்லாமல் ஜேசன் என்ற தனித்தனி எழுத்துக் கோப்பாக வரும். 31 ஆயிரம் படத்துக்கு அதை ஒட்டவைப்பது தலைவலி.

காமன்ஸ் விஷயத்தில் அக்காவோடு நான் ஒத்துப்போகவில்லை. அங்கே ஏற்ற வேண்டுமானால் யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. 18 வருட உழைப்பை நாளைக்கு எவனோ காலண்டர் போட்டு விற்பான்.

நெல்லித்தோப்பு நிலா:
விற்கட்டும், கீழே அண்ணன் பெயர் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. இப்போது மட்டும் என்ன? உள்ளூர் செய்திப் பக்கங்கள் வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டுப் போடுவதில்லையா?

பழைய ஃபிலிம்ரோல்:
பெயர், படம் எடுத்தவருக்கு. படத்தில் நிற்பவருக்கு?

தானே ஃபோல்டரில் கூரை போன வீட்டு வாசலில் யாராவது நிற்கிறார்களா, கெடிலக்கரை? நிற்பார்கள். அன்றைக்கு அவர்கள் இருந்த கோலத்தை உலகத்தில் எவன் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று கையெழுத்துப் போட நீங்கள் யார்? பிரிண்ட் போட்டால் அந்தம்மாவிடம் ஒன்று கொடுப்பீர்கள், விஷயம் அதோடு முடியும்.

கெடிலக்கரை:
நிற்கிறார் ஐயா. குள்ளஞ்சாவடிப் பக்கம். கையில் ஒரு பித்தளைக் குடம். என் நல்ல படங்களில் அது ஒன்று, பொய் சொல்ல மாட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

நெல்லித்தோப்பு நிலா:
அந்த ஒன்றை ஏற்றாதீர்கள். விழுந்த மரங்கள், சாய்ந்த மின்கம்பங்கள், தீர்த்தவாரிக்கு வந்த சாமிகள், இவற்றுக்கு யார் முகத்தையும் கேட்க வேண்டியதில்லை. ஐயா சொன்னதில் இந்தப் பகுதியை ஒப்புக்கொள்கிறேன். அலமாரியை ஒப்புக்கொள்ளவில்லை.

மொட்டைமாடி:
ஆமை முட்டையிட்ட இடத்தைப் படம் பிடித்திருந்தால் ஜிபிஎஸ் தகவலை அழித்துவிட்டு ஏற்றுங்கள். ஃப்ளிக்கர் வரைபடத்தில் துல்லியமாக இடம் தெரிந்துவிடலாம், முட்டை எடுக்க நாய்க்கு முன்னால் ஆள் போய் நிற்பான்.

கெடிலக்கரை (நாலு நாள் கழித்து):
நகல் எடுத்தாயிற்று, மொட்டைமாடிக்கு நன்றி. 31,000இல் 29,400 பிழைத்தது. ஒரு டிஸ்க் என்னிடம், இன்னொன்றை நெய்வேலியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், மேல் அலமாரியில் வைக்கச் சொல்லி. குடும்பப் படங்களுக்குத் தம்பி சொன்ன 200 ஜிபி. தீர்த்தவாரியில் முகம் தெரியாத நானூறு படங்களை காமன்ஸுக்குப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஃப்ளிக்கர் இன்னும் முடிவாகவில்லை, நிலா கோபிக்க வேண்டாம்.

போனது 2009 மாசிமகம் முழுசாக. அந்த வருடப் படங்களை ஆர்குட்டில் போட்டிருந்தேன், அதுவும் 2014இல் போயிற்று. நேற்று இரவுதான் ஞாபகம் வந்தது. அப்போது நாற்பது பிரிண்ட் போட்டு, எங்களைக் கடலுக்குள் அழைத்துப்போன தேவனாம்பட்டினத்துப் படகுக்காரரிடம் கொடுத்தேன். போன் செய்தேன். சுனாமிக்கு அப்புறம் கட்டிய வீட்டில், சாமி மாடத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறாராம்.

பழைய ஃபிலிம்ரோல்:
நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதுநகர் தம்பி:
அண்ணே, ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரோடு நானும் வருகிறேன். அவரை மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிடாதீர்கள்.