வெஸ்லி சபையை விட்டு வெளியேறினாரா?

செம்பனைக்காட்டார்:
"உண்மையான விசுவாசிக்கு அமைப்புச் சபையில் இடமில்லை, வெஸ்லியே வெளியேறியவர்தாம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்து மனம் கொதித்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1791இல் கண்மூடும்வரை இங்கிலாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் சபையின், குருவாகவே இருந்தார். ஆலயங்கள் பல அவருக்குக் கதவடைத்தபோது, 1739இல் பிரிஸ்டல் வட்டாரத்தில் வெட்டவெளியில் நின்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பிரசங்கித்தாரே தவிர, வெளியேறவில்லை.

லயத்துப்பிள்ளை:
எழுதியவன் நான்தான், ஐயா. 1784இல், பேராயர் கைவைத்துக் கொடுக்கவேண்டிய குருப்பட்டத்தைத் தாமே கொடுத்து அமெரிக்காவுக்கு ஊழியர்களை அனுப்பியவர் எந்தச் சபைக்குள் இருந்தார்? ஏட்டில் பெயர் இருந்தது, அவ்வளவுதான். ஆலயக் கூரைக்கென்று வீடுவீடாக வசூலித்த பணத்துக்கு நான் கணக்குக் கேட்டதற்காக, என் தாயாரின் அடக்க ஆராதனைக்குக்கூடப் போதகர் வரவில்லை. இப்போது தாமானில், இந்தக் குடியிருப்பில், ஐந்து குடும்பங்கள் வீட்டில் கூடி வேதம் வாசிக்கிறோம். ரோமர் 16ஆம் அதிகாரத்தில், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா ஆகியோரின் வீட்டில் கூடிய சபையைப் பவுல் வாழ்த்தவில்லையா?

செம்பனைக்காட்டார்:
போதகரின் குறையை இங்கே கொண்டுவராதீர்கள். பேச்சு வெஸ்லியைப் பற்றியது. குருப்பட்டம் கொடுத்த பிறகும் அவர் ஆங்கிலிக்கன் குருதான். இங்கிலாந்தில் பிரிந்தவர்கள் அவர் மறைந்த பின்தான் பிரிந்தார்கள். ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்று, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியானபோது, கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் பிழைக்கப் போன நம் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்குத் திரும்பிவர அந்த ஆலயம் ஒன்றுதானே இருந்தது? உங்கள் ஐந்து குடும்பங்களில் நாளை ஒருவர் இறந்தால் எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் வருவீர்கள்.

சிம்பாங் அக்காள்:
நான் சபையை விடாதவள். ஆனாலும் "எங்கள்" கல்லறைத் தோட்டம் என்ற சொல்லைப் பொறுக்க முடியவில்லை. பால்வெட்டி முடித்த மாலைகளில் நம் பாட்டனார்கள் காடு திருத்திய நிலம் அது. இன்று மாதந்தோறும் அங்கே புல் வெட்டுகிறவர் அந்த ஐந்து வீட்டாரில் ஒருவர்.

செம்பனைக்காட்டார்:
புல் வெட்டுவது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அம்மா. வெஸ்லி வெளியேறவில்லை என்பதை லயத்துப்பிள்ளை முதலில் ஒப்புக்கொள்ளட்டும்.

லயத்துப்பிள்ளை:
நீங்கள் 1784க்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் கூரைப் பணம் வசூலான ஆண்டில் பொருளாளராக இருந்தவரும் நீங்கள்தான். அதற்கும் பதில் இல்லை.

செம்பனைக்காட்டார்:
கணக்கு ஆண்டுக் கூட்டத்தில் எல்லார் முன்னும் வாசிக்கப்பட்டது. அன்று உங்கள் நாற்காலிதான் காலியாக இருந்தது. வெஸ்லி ஆங்கிலிக்கன் குருவாகவே மறைந்தார்; எத்தனை முறை கேட்டாலும் இதையே எழுதுவேன்.

லயத்துப்பிள்ளை:
1784, ஐயா.