பரங்கிப்பேட்டை இரும்பாலை: தாது சேலத்தில், உலை ஏன் கடற்கரையில்?

வெள்ளாற்றங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். பரங்கிப்பேட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஊர் வரலாற்றுக் கண்காட்சி ஒன்று நடக்கப்போகிறது. போர்த்துக்கீசியர் காலம், 1781இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த சண்டை எல்லாவற்றுக்கும் படம் தயார். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கிய இரும்பாலைக்கு என்ன வைப்பது என்றுதான் புரியவில்லை. மூன்று சந்தேகம். தாது சேலம் பக்கத்துக் கஞ்சமலையில் இருக்கும்போது உலையைச் சுமார் 200 கி.மீ. தள்ளி இங்கே ஏன் கட்டினார்கள்? ஏன் மூடினார்கள்? ஆற்றோரம் கிடக்கும் கருங்கட்டிகள் உலைக் கசடுதானா (இரும்பு உருக்கும்போது பிரிந்து கழியும் பொருள்) என்று எப்படிச் சோதிப்பது?

ஊதுலை:
முதல் கேள்விக்குப் பதில் துறைமுகம். ஹீத்தின் சந்தை இங்கிலாந்தில், குறிப்பாக எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரத்தில் இருந்தது. கொதிகலன் மாதிரி கனமான சாமான்கள் கப்பலில்தான் வரமுடியும். அவற்றை அன்றைய சாலையில் மாட்டுவண்டி கட்டிச் சேலம் வரை இழுப்பது பெரும்பாடு. கசடை இளக்கத் தேவையான சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் கழிமுகத்திலேயே கிடைத்தது.

கண்காட்சிக்கு ஒரு யோசனை: 1 டன் வார்ப்பிரும்புக்கு என்னென்ன வேண்டும் என்று மூட்டைகளாக அடுக்கிக் காட்டுங்கள். கீழே இருப்பது உலோகவியல் கணக்கு, ஆலையின் பதிவேட்டு எண் அல்ல. அதை அட்டையிலும் எழுதிவிடுங்கள்.

கஞ்சமலைத் தாது மேக்னடைட், அதாவது காந்தம் இழுக்கும் இரும்புத் தாது, ஆனால் படிகக்கல்லோடு பட்டை பட்டையாகப் பிணைந்தது. இடித்துக் கழுவி 60 சதவீத இரும்புக்குக் கொண்டுவந்தால் 1 டன் இரும்புக்கு ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல் தாது போதும். கிளிஞ்சல் 400 கிலோ அளவு. மரக்கரி 2 முதல் 3 டன். கரிமூட்டம் போட்டால் 5 டன் விறகுக்குச் சுமாராக 1 டன் கரிதான் தேறும். ஆக, ஒரு டன் இரும்புக்குப் பின்னால் 10 டன்னுக்குக் குறையாமல் விறகு எரிகிறது. இந்த விறகு மூட்டைதான் பிள்ளைகள் மனதில் நிற்க வேண்டியது. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதி பதில் அதில் இருக்கிறது.

கரி, தாது மாதிரி இல்லை. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் நொறுங்கும். தூளான கரி உலைக்குள் காற்றுப் போகும் சந்துகளை அடைத்துவிடும், பயனில்லை. மழைக்காலத்தில் ஈரத்தையும் உறிஞ்சும். ஈரக்கரி போட்டால் உலையின் சூடு இறங்கி, கசடு கெட்டியாகி, காற்றுக்குழல் வாயில் உறைந்துவிடும். அதைக் குத்தி எடுப்பது நரக வேலை. சுற்றுவட்டாரத்தில் மரம் குறையக் குறைய கரி தூரத்திலிருந்து வர வேண்டியிருக்கும். செலவும் சேதமும் சேர்ந்தே ஏறும்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் கோக்கும் (நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) சூடான காற்றும் வைத்து மலிவாக இரும்பு ஊற்றினார்கள். 1856இல் சென்னையில் ரயில் ஓடத் தொடங்கியபோது தண்டவாளங்கள் அங்கிருந்துதான் வந்தன. பரங்கிப்பேட்டை உலைகள் 1860களில் அணைந்தன. ஊருக்கு ரயில் பாதை வந்தது அதற்குப் பிறகு. எனக்கு இதுதான் மிகவும் வருத்தமான இடம்.

கிளிஞ்சல்மேடு:
கட்டிகளைப் பற்றி. காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். நம் கடற்கரையில் கருமணல் இருக்கிறது. எந்தக் கட்டியில் ஒட்டியிருந்தாலும் காந்தம் இழுக்கும். முதலில் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள்.

ஊதுலைக் கசடு கண்ணாடி மாதிரி இருக்கும். உடைந்த முகம் சிப்பியின் உட்புறம்போல் வளைந்து பளபளக்கும். பச்சை, நீலம், சாம்பல் நிறம் வரலாம். உள்ளே காற்றுக் குமிழி. கையில் எடுத்தால் அந்தப் பருமனுக்கு எடை குறைவாகத் தெரியும், காந்தம் இழுக்காது. சேலம் பக்கத்து நாட்டுக் கொல்லர் உலைச் சிட்டம் வேறு: கருப்பு, நல்ல கனம், மேற்பரப்பில் பாகு வழிந்து உறைந்த மாதிரி வரிகள். அதில் இரும்பு நிறைய தங்கியிருக்கும். இன்னொரு குழப்பம் சுண்ணாம்புக் காளவாய்க் கழிவு. அதில் வெந்தும் வேகாத கிளிஞ்சல் துண்டுகள் வெள்ளையாகத் தெரியும்.

தயவுசெய்து தோண்டாதீர்கள். மேலே கிடப்பதைப் பக்கத்தில் அளவுகோல் வைத்து படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே விடுங்கள். இடம் தெரியாத கசடு வெறும் கல்தான்.

வெள்ளாற்றங்கரை:
மிக்க நன்றி. ஆலை அணைந்த பிறகு ஊர் எப்படித் தாங்கியது? ‘இரும்பு ஊர்’ என்று தலைப்பு வைக்கலாமா?

பந்தர்:
அந்தத் தலைப்பு வேண்டாம், தம்பி. ஆலைக்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பிருந்தே இது துறைமுகம். மஹ்மூது பந்தர் என்ற ஊரின் பழைய பெயரே அதற்குச் சாட்சி, பந்தர் என்றால் துறைமுகம். மரக்காயர்களின் கப்பல் வியாபாரம், மீன்பிடி, பாய் நெசவு எல்லாம் உலையை நம்பி இருந்தவை அல்ல. அதனால்தான் ஆலை போனாலும் ஊர் காலியாகவில்லை. அடிபட்டிருக்கக்கூடியவர்கள் வழிநெடுக இருந்தவர்கள்: தாது வெட்டியவர், கரிமூட்டம் போட்டவர், வண்டிக்காரர், படகுக்காரர். ஒரு வரைபடத்தில் கஞ்சமலையிலிருந்து வெள்ளாற்று முகம் வரை கோடு இழுத்து இந்த வேலைகளை வரிசையாக எழுதுங்கள். ஹீத்தின் படத்தைவிட அது பெரிதாக இருக்கட்டும்.

ஹீத்துக்கும் ஓர் அட்டை வையுங்கள். 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியவர் அவர். மற்றவர்கள் முறையைக் கொஞ்சம் மாற்றிச் செய்துகொண்டார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. முடிவதற்குள் 1851இல் இறந்துவிட்டார்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் இருக்கும் பிரிட்டானியா பாலத்துக்கு நம் இரும்பு போனது என்று எழுதினால் ‘பழைய கெசட்டியர் (அரசின் மாவட்ட விவரநூல்) சொல்கிறது’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடும்போது ‘பரங்கிப்பேட்டை’, ‘கடலூர் மாவட்டம்’ என்று கேட்டால் கிடைக்காது. அன்றைய பெயர்களான ‘போர்ட்டோ நோவோ’, ‘தென்னார்க்காடு’, வருவாய் வாரியம் என்று கேளுங்கள். சேலம் மாவட்டத் தொகுதிகளையும் சேர்த்துப் பாருங்கள். தாது, கரி சம்பந்தப்பட்ட கடிதங்கள் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.