67 வயதில் நடனம் கற்பது நினைவாற்றலுக்கு உதவுமா?

மதுரைவாசி:
என் தாயாருக்கு 67 வயதாகிறது. தந்தையார் மறைந்த பிறகு அவர் வெளியே செல்வது மிகவும் குறைந்துவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுவதும், சொன்னதையே திரும்பச் சொல்வதும் சில மாதங்களாக அடிக்கடி நிகழ்கின்றன. பள்ளி நாட்களில் கும்மியும் கோலாட்டமும் ஆடியவர் அவர். எங்கள் தெருவில் பெரியவர்களுக்கு மாலை வேளைகளில் நடனம் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே சேர்ப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா, நடைப்பயிற்சியே போதுமா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இயன்முறை மருத்துவர், சேலம்:
முதலில் அம்மாவை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு குறைபாடு, இழப்பின் துயரத்தால் வரும் மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகவே வெளிப்படும்; இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், உடலை இயக்கும் பொழுதுபோக்குகளுள் நடனம் ஆடியவர்களிடம் மட்டுமே மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் நினைவு நன்றாக இருந்தவர்களே தொடர்ந்து ஆடியிருக்கவும் கூடும் என்பதால், நடனம் நோயைத் தடுக்கும் என்று இதை வைத்து நான் உறுதி கூற மாட்டேன். ஜெர்மனியின் மக்டபர்க் நகரில், ஏறத்தாழ உங்கள் தாயார் வயதினரான 26 பேரிடம் 18 மாதங்கள் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி நடனக் குழு, உடற்பயிற்சிக் குழு இரண்டிலுமே பெரிதானது. உடலின் சமநிலை மட்டும் நடனக் குழுவினருக்கே மேம்பட்டது. ஆகவே நடைப்பயிற்சியும் வீணல்ல.

நடன ஆசிரியை:
அந்த நடனக் குழுவினருக்குப் புதிய அடவுகளை, அதாவது ஆட்ட அசைவுகளை, அடுத்தடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனப்பாடமாகிவிட்ட ஆட்டத்தையே ஆடும்போது கால் தானாகப் போகும். மனத்துக்கு வேலை குறைவு.

அம்மா பின்னல் கோலாட்டம் ஆடியிருக்கிறாரா என்று கேளுங்கள். மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒருவருக்கு உள்ளேயும் அடுத்தவருக்கு வெளியேயும் புகுந்து சடையாகப் பின்னிய பிறகு, வந்த வழியிலேயே பின்னோக்கி ஆடிப் பிரிக்க வேண்டும். தாளம், திசை, எதிரே வருபவர் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கவனித்தாக வேண்டும்; ஒருவர் தவறினாலும் கயிறு சிக்கிக்கொள்ளும். என்னிடம் வரும் பெரியவர்கள் அந்தச் சிக்கலைச் சேர்ந்தே அவிழ்க்கும் நேரத்தில்தான் அதிகம் பேசுகிறார்கள். தனிமையில் இருப்பவருக்கு இதுவே பெரிய மருந்து என்பது என் அனுபவம். மூட்டுவலி இருந்தால் முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டி வேண்டாம்; பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவை நாற்காலியில் அமர்ந்தே கற்கலாம், முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், கை வேறு கால் வேறு என்று பழகினாலே போதும்.

மதுரைவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. நாளை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டியபோது, எட்டுப் பேர் எங்கெங்கே நின்றார்கள், பிரிக்கும்போது முதலில் யார் திரும்புவார் என்பதை அம்மா மேசைமேல் விரலால் வரைந்து காட்டினார்.